வாழை வாடலுக்கு சூடோமோனாஸ்: பிந்திக் கொடுத்து இழந்ததும் முந்திக் கொடுத்துத் தெரிந்ததும்

நட்டு நான்காம் மாதம் முடிகிற நேரத்தில் ரஸ்தாளித் தோட்டத்தின் ஓர் ஓரத்தில் ஏழெட்டு மரங்களுக்கு அடியிலை மஞ்சளடித்தது. சாம்பல்சத்துக் குறையாக இருக்கும் என்று பொட்டாஷ் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அதில் 3 வாரம் போனது. அதற்குள் அந்த ஏழெட்டு, நாற்பதைத் தாண்டிவிட்டது. குலை தள்ளும் பருவம் வந்தபோது 1200 மரத்தில் 400க்கு மேல் காய்ந்தோ சாய்ந்தோ போயிருந்தன. தப்பியவற்றிலும் பல தார்கள் திரட்சியில்லாமல் சூம்பித்தான் கிடந்தன. ஒரு வருடத்துத் தொழுவுரம், தண்ணீர், ஆள்கூலி எல்லாம் மண்ணோடு போயிற்று. சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை அந்த வருடமும் வாங்கிக் கொடுக்கத்தான் செய்தேன். கொடுத்த நேரமும் தப்பு, கொடுத்த விதமும் தப்பு. அடுத்த நடவில் அதே பொடி வேறு விதமாக வேலை செய்தது. முதல் வருடம் தொடங்கும்முன் யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கக்கூடாதா என்று ஏங்கிய விஷயங்களைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நோயைச் சரியாகக் கண்டுகொள்வது. சாம்பல்சத்துக் குறையிலும் மூத்த இலைதான் மஞ்சளாகும். ஆனால் அது நுனியில் தொடங்கும், நிறம் ஆரஞ்சுப் பக்கம் போகும், இலை உள்நோக்கிச் சுருளும், தோட்டம் முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். என் மரங்களைச் சாய்த்த பனாமா வாடல் என்ற பூஞ்சண நோயில் மஞ்சள் இலையின் விளிம்பில் தொடங்கி நடுநரம்பை நோக்கி வரும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மடங்கி, காய்ந்த இலைகள் பாவாடை கட்டியதுபோல் தண்டைச் சுற்றித் தொங்கும். குருத்து மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக நிமிர்ந்தே நிற்கும். தண்டின் அடியில் நெடுக்காக வெடிப்பு விழும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மரங்களில் கூட்டமாகத் தொடங்குவதும் இதன் குணம்.

சந்தேகம் வந்த அன்றே ஒரு மரத்தை அறுத்துப் பார்க்கவேண்டும். ஒரு மரம் போகிறதே என்று பார்த்தால் நாற்பது போகும். தண்டை அடியில் குறுக்கே அறுத்தால், வெளி மட்டைகளில் பழுப்பு, செம்பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரியும். நெடுக்கே கீறினால் அதே புள்ளிகள் கோடுகளாக ஓடும். கிழங்கைப் பிளந்தால் வெள்ளைச் சதைக்குள் மஞ்சளும் துருநிறமுமாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும். வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி என்று சொன்னால் கண் முன்னால் வரும். இந்தக் கட்டத்தில் நாற்றம் இருக்காது. கிழங்கு கூழாகி நாறினால், இழுத்தவுடன் கிழங்கை மண்ணில் விட்டுவிட்டு மரம் மட்டும் கையோடு வந்தால், அது எர்வினியா கிழங்கழுகல். அதுவே ஒரு பாக்டீரியா நோய், அதற்கு வைத்தியம் வேறு. இன்னொரு எளிய சோதனை உண்டு. நிறம் மாறிய தண்டுத் துண்டைக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் அசையாமல் தொங்கவிட்டுச் சில நிமிடம் பார்க்கவேண்டும். பால்போல் இழை இழையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். ஒன்றும் இறங்காவிட்டால் பூஞ்சணத்தின் மீதுதான் சந்தேகம். கிழங்கில் சுரங்கம்போல் துளை ஓடினால் கூன்வண்டு. ஒரே கிழங்கில் கூன்வண்டும் வாடலும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. என் தோட்டத்தில் சில மரங்கள் அப்படித்தான் இருந்தன. அதனால் துளையைப் பார்த்ததும் வண்டுதான் என்று கத்தியைக் கீழே வைத்துவிடக்கூடாது.

நோய் இன்னது என்று தெரிந்த அன்றைக்கு மாலையே சூடோமோனாஸ் பொடி வாங்கி, லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, கூடவே காப்பர் ஆக்ஸிகுளோரைடையும் போட்டு, மஞ்சளடித்த மரங்களுக்கெல்லாம் வேர்ப்பாகத்தில் ஊற்றினேன். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் கூடுதல் பலம் என்ற நினைப்பு. தாமிரம் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. தொட்டிக்குள்ளேயே பெரும்பகுதி செத்திருக்கும். கரைத்த தண்ணீரும் குளோரின் போட்ட தண்ணீர். பொடி உறையில் காலாவதித் தேதி வரத் தள்ளி இருந்தது, ஆனால் அது எவ்வளவு நாள் தகரக்கூரையின் கீழ் வெந்துகொண்டு கிடந்தது என்று கேட்கவே இல்லை. இந்த மூன்று பிழையும் இல்லாமல் உயிருள்ள பாக்டீரியாவே மண்ணில் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த மரங்கள் பிழைத்திருக்காது. எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது இதுதான்.

காரணம் அந்தப் பூஞ்சணம் குடியிருக்கும் இடம். பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற இந்தப் பூஞ்சணத்தில் வாழைக்கென்றே இருக்கும் வகை மண்ணில் கிடக்கிறது. வேர் அருகில் வந்ததும் முளைத்து, வேரின் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்க்குள் போய் உட்கார்கிறது. மரமும் தற்காப்புக்காகப் பிசின் சுரந்து குழாயை அடைக்கிறது. இலை மஞ்சளாவது குழாய் அடைபட்டதன் கடைசி அறிகுறி, உள்ளே அது நுழைந்து வாரக்கணக்கு ஆகியிருக்கும். சூடோமோனாஸ் வாழ்வதோ வேரின் மேற்பரப்பிலும் வேரை ஒட்டிய மண்ணிலும். அங்கே அது மூன்று நான்கு வேலை செய்கிறது. இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கும் சிடரோபோர் என்ற பொருளைச் சுரந்து, பூஞ்சணத்துக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. பூஞ்சணத்தை அடக்கும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கிறது. வேர் கசியும் சர்க்கரையையும் இடத்தையும் முதலில் பிடித்துக்கொள்கிறது. மரத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடுகிறது. இதில் எதுவுமே அடைபட்ட குழாயைத் திறக்காது. வாசலில் நிற்கவேண்டிய ஆளை, திருடன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டபிறகு கூப்பிட்டால் அவன் என்ன செய்வான்? வேர் விடும்போதே பாக்டீரியா அங்கே இருக்கவேண்டும். எல்லாம் நடவுக்கு முந்தியே தொடங்கவேண்டிய வேலை.

மஞ்சளடித்த மரங்களை அப்புறப்படுத்தியதிலும் தவறு செய்தேன். வெட்டி, இழுத்து, வரப்போரம் குவித்தேன். இழுத்த தடம் நெடுகிலும் கிழங்குத் துண்டும் மண்ணும் சிந்தின. அதே மண்வெட்டியோடு ஆட்கள் நல்ல மரங்களுக்கு மண் அணைக்கப் போனார்கள். பாசனமோ வாய்க்கால் பாசனம். இரண்டு மாதம் கழித்து நோய் வந்த மரங்களைக் குறித்துப் பார்த்தால், தண்ணீர் போன வழியில் அம்பு போட்டது மாதிரி கீழ்மடை நோக்கி இறங்கியிருந்தது. செய்யவேண்டியது என்னவென்றால், நோய் கண்ட மரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஒரு வரிசைக்கும் வாய்க்காலை உடனே அடைப்பது. மரத்தை இழுக்காமல் நின்ற குழியிலேயே கிழங்கோடு தோண்டித் துண்டாக்கிக் காயவைத்து எரிப்பது. குழியில் சுண்ணாம்பைக் கொட்டி, அந்த இடத்தில் திரும்ப வாழை வைக்காமல் குச்சி நட்டு அடையாளம் வைப்பது. நோய்ப்பகுதி வேலையை நாளின் கடைசியில் வைத்துக்கொள்ளவேண்டும். மண்வெட்டி, கத்தி, செருப்பு எல்லாவற்றிலும் ஒட்டிய மண்ணை முதலில் சுரண்டிக் கழுவிவிட்டு அதன்பிறகுதான் பிளீச்சிங் கரைசலில் முக்கவேண்டும். மண்ணோடு முக்கினால் மண்ணே குளோரினைத் தின்றுவிடும், கிருமி அப்படியே இருக்கும்.

இவ்வளவு பயம் ஏன் என்றால், இந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் தடித்த ஓட்டு வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் 20 வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். 1876ல் ஆஸ்திரேலியாவில் முதன்முதலாகப் பதிவான நோய் இது. மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்களில் குரோ மிஷேல் என்ற ரகத்தையே ஒழித்துக்கட்டி, 1960களுக்குள் கேவண்டிஷுக்கு மாறவைத்தது. இன்றைய கிராண்ட் நைன் அந்தக் கேவண்டிஷ் கூட்டம்தான். ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன் போன்றவை பழைய வகைப் பூஞ்சணத்துக்கே எளிதில் விழும். கிராண்ட் நைன் அதைத் தாங்கும், ஆனால் டிஆர்4 என்ற புதிய வகை அதையும் சாய்க்கிறது. 2019ல் கொலம்பியாவில் அது உறுதியானபோது அங்கே அவசரநிலையே அறிவித்தார்கள். எனவே கேவண்டிஷ் ரகத்தில் வாடல் தெரிந்தால் பாக்டீரியாப் பொடியைத் தேடி ஓடாமல், மண்ணோ கன்றோ தோட்டத்தை விட்டு வெளியே போகாமல் நிறுத்திவிட்டு, பயிர் நோயியல் ஆய்வகத்துக்குச் சொல்லவேண்டும்.

இரண்டாம் நடவை வேறு வயலில் வைத்தேன். முந்தைய போகங்களில் நெல் நின்ற வயல் அது. தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் இந்தப் பூஞ்சணம் குறையும். அந்த அனுகூலம் எனக்கு இருந்ததை மறைக்கக்கூடாது. நோய் ஏறிய பழைய வயலிலேயே திரும்ப வைத்துவிட்டு இதே பலனை எதிர்பார்க்கவேண்டாம். மண்ணைச் சோதித்தபோது கார அமிலத்தன்மை 5.6 என்று வந்தது. இப்படி அமிலம் மிகுந்த மண் பியூசேரியத்துக்கு வசதி, சூடோமோனாஸுக்கு இடைஞ்சல். நடவுக்கு 2 மாதம் முன்பே, சோதனை அறிக்கையில் சொன்ன அளவு சுண்ணாம்பு போட்டு உழுதேன். சுண்ணாம்பையும் பாக்டீரியாவையும் ஒரே வாரத்தில் போடக்கூடாது.

கன்றுதான் நோயின் முதல் வாகனம். முதல் வருடம் வந்த கன்றுகள் எந்தத் தோட்டத்து மண்ணோடு வந்தன என்று பார்க்காமலே நட்டிருந்தேன். இந்தமுறை நோயில்லாத தோட்டத்தில் நானே போய் நின்று, குறுகிய இலை விட்ட ஈட்டிக் கன்றுகளில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ளவற்றை எடுத்தேன். அகன்ற இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம். ஒவ்வொரு கிழங்கிலும் வேர்களை அறவே நீக்கி, மேல்தோலை மெலிதாகச் சீவி, சதை வெள்ளையாக வரும்வரை பார்க்கவேண்டும். சீவியபிறகும் ஒரு பழுப்புப் பொட்டு மிஞ்சினால் அந்தக் கன்றைத் தூக்கி எறியத்தான் வேண்டும். இன்னும் கொஞ்சம் சீவினால் போய்விடும் என்று மனம் சொல்லும், கேட்கக்கூடாது. 1100 கன்றில் 30க்கும் மேல் அப்படிக் கழிந்தன. கழிந்ததற்கு ஈடாக வேறு கன்று எடுத்துக்கொண்டேன். சீவுகிற கத்தியைக் கன்றுக்குக் கன்று ஸ்பிரிட்டில் துடைக்கவேண்டும். சீவிய தோலை வயலில் போடாமல் எரித்துவிடவேண்டும்.

சீவிய கன்றை லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் முக்கினேன். 100 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு 1 கிலோ. பாக்டீரியாவை ஏற்றியிருக்கும் டால்க் பொடி கரையாது, அடியில் படியும், அதனால் குச்சியால் அடிக்கடி கிளறிவிட வேண்டும். கரைசல் சேறாகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும். எடுத்த கன்றை நிழலில் நீர் வடியவிட்டு அன்றே நடவேண்டும். வெயிலில் அடுக்கிவைத்தால் கிழங்கின் மேல் ஒட்டிய பாக்டீரியா காய்ந்தே செத்துவிடும். சூடோமோனாஸுக்கு வித்துறை கிடையாது, வறட்சியும் புற ஊதாக் கதிரும் அதற்கு ஆகாது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு நன்மை செய்யும் பாக்டீரியா இந்த விஷயத்தில் கெட்டி, அது வித்துறைக்குள் ஒடுங்கிக் காத்திருக்கும். வெயில் அதிகம், பாசனம் தாமதமாகும் நிலத்துக்குப் பேசில்லஸ் மேல் என்பது என் கணிப்பு.

திசு வளர்ப்புக் கன்று என்றால் கிழங்கு சீவும் வேலை இல்லை, வாடலும் கன்றோடு வராது. ஆனால் அந்தக் கன்று ஆய்வுக்கூடத்தில் கிருமியே இல்லாமல் வளர்ந்தது. நல்ல பாக்டீரியாவும் அதன் வேரில் இருக்காது. நோய் மண்ணில் வைத்தால் பக்கக்கன்றைவிட வேகமாக விழக்கூடும். நடவுக்கு 15 நாள் முன்பே பையிலேயே ஒருமுறை கரைசல் ஊற்றி, நடும் நாளில் இன்னொரு முறை ஊற்றுவது நல்லது.

குழிக்குப் போடும் எருவில்தான் மொத்த வேலையின் உயிர் இருக்கிறது. பொடியை நேராகக் குழியில் தூவினால் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது, சில நாளில் எண்ணிக்கை விழுந்துவிடும். நன்றாக மக்கிய தொழுவுரம் 100 கிலோவுக்கு 1 கிலோ பொடி, 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு. நிழலில் ஒரு முழ உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தண்ணீர் தெளித்துக் கிளறி, ஈரச்சாக்கால் மூடவேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. 4 நாளைக்கு ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் தெளித்து, 15ஆம் நாள் எடுத்துப் போடலாம். குழிக்கு அரை கிலோ என்றால் 1100 குழிக்கு 550 கிலோ, அதாவது 5 முதல் 6 கிலோ பொடி போதும்.

முதல் குவியலைப் பாழடித்தேன். எரு பாதிதான் மக்கியிருந்தது. மூன்றாம் நாள் சாக்கை விலக்கிக் கையை உள்ளே விட்டால் வைக்கமுடியாத சூடு. பச்சை எரு மக்கும்போது எழும் அந்தச் சூட்டில் சூடோமோனாஸ் தாங்காது, 25 முதல் 30 டிகிரிதான் அதற்கு உகந்த வெப்பம். அந்தக் குவியலை வெறும் எருவாக வைத்துக்கொண்டு, வேறு எருவில் திரும்பத் தொடங்கியதில் நடவு 18 நாள் தள்ளிப்போனது. எரு மக்கியதா என்று தெரிய, பொடி கலக்கும்முன் ஈரப்படுத்திக் குவித்து 3 நாள் விட்டுப் பாருங்கள். சூடேறாவிட்டால் கலக்கலாம். முகர்ந்தால் சாணி வாடை போய் மழைபட்ட மண் வாசம் வரவேண்டும்.

வெல்லக் கரைசலில் பெருக்கும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது, ஒரு கிலோவைப் பத்துக் கிலோவாக்கலாம் என்பார்கள். மூடிய டிரம்மில் வைத்தால் நடக்கிற கதை வேறு. சூடோமோனாஸ் காற்று வேண்டும் உயிர். காற்றில்லாத வெல்லத்தண்ணீரில் ஈஸ்டும் புளிப்புப் பாக்டீரியாவும் முந்திக்கொண்டு, கரைசல் புளித்துக் கள் வாடை அடிக்கும். அதை ஊற்றினால் புளித்த வெல்லத்தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். மீன்தொட்டிக் காற்றுப் பம்பு போட்டு ஓடவிட்டாலும் உள்ளே வளர்வது எது என்று கண்ணால் தெரியாது. ஆய்வகத்தில் எண்ணிப் பார்க்க வசதி இல்லாதவர்கள் இந்த வழிக்குப் போகவேண்டாம் என்பேன். எரு முறையிலும் வேறு கிருமி கலக்கும்தான், ஆனால் மக்கிய எரு அவ்வளவு எளிதில் புளிக்காது.

பொடி வாங்கும்போது உறையில் தயாரித்த தேதியைப் பாருங்கள், காலாவதித் தேதியை மட்டும் பார்க்காதீர்கள். டால்க் பொடி நல்ல நிலையில் வைத்தாலே நாலைந்து மாதத்துக்குள் முடித்துவிடவேண்டிய சரக்கு. தயாரித்து 2 மாதத்துக்குள் இருந்தால் நலம். கிராமுக்குப் பத்துக் கோடிக்குக் குறையாத உயிரணு என்று எழுதியிருக்கவேண்டும். பூச்சிமருந்தோடு ஒரே அலமாரியில், வெயில்படும் ஜன்னலில் அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள். வாங்கியபிறகு வண்டியின் பெட்டிக்குள் மத்தியானம் முழுக்கப் போட்டுவைப்பதும் அதே தப்புத்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதல்நாள் இரவே அகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்துவைத்து மறுநாள் பயன்படுத்தவேண்டும்.

நட்டபிறகு எத்தனைமுறை என்று கேட்டால், வெளியிலிருந்து போடும் பாக்டீரியா மண்ணில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும், ஒருமுறை போட்டால் போதாது. 2, 4, 6ஆம் மாதங்களில் மரத்துக்கு ஒரு லிட்டர் கரைசல், லிட்டருக்கு 10 கிராம் கணக்கில், பாசனம் முடிந்த மறுநாள் சாயங்காலம் ஈரமண்ணில் ஊற்றினேன். வறண்ட மண்ணில் ஊற்றினால் மேலேயே காய்ந்துபோகும், வேருக்கு இறங்காது. சொட்டுநீரில் விடலாம் என்று டால்க் பொடியை வடிகட்டி விட்டதில் ஒரு பாத்தி முழுக்கச் சொட்டுவாய் அடைத்துக்கொண்டது. குழாயைக் கழற்றி ஒவ்வொன்றாக ஊதிச் சரிசெய்ய 2 நாள் ஆனது. சொட்டுநீருக்குத் திரவ வடிவம்தான் ஆகும். அதுவும் குழாயைக் குளோரின், அமிலம் கொண்டு சுத்தம் செய்த வாரத்தில் விடக்கூடாது.

கேப்சூல் முறையும் பரிந்துரையில் இருக்கிறது. கிழங்கில் 45 டிகிரி சாய்வாகக் கம்பியால் 10 செண்டிமீட்டர் துளை போட்டு, 50 முதல் 60 மில்லிகிராம் பொடி அடைத்த கேப்சூலை உள்ளே தள்ளி, களிமண்ணால் அடைப்பது. 1100 மரத்துக்கு வெறும் 60 கிராம் அளவுக்குத்தான் பொடி, அவ்வளவு சிக்கனம். ஆனால் கம்பி மரத்துக்கு மரம் நோயைக் கொண்டுபோகும். ஸ்பிரிட்டில் துடைத்து, ஸ்பிரிட் உலர்ந்தபிறகுதான் அடுத்த மரத்தில் குத்தவேண்டும். உலராமல் குத்தினால் உள்ளே போகும் பாக்டீரியாவும் சாகும். அடைப்புச் சரியாக இல்லாவிட்டால் அந்தக் காயம் கூன்வண்டைக் கூப்பிடும். ஆள் கிடைக்காத இடத்தில் இதை அவசரமாகச் செய்வதற்கு, வேரில் ஊற்றிவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

ரசாயன உரத்துக்கும் பாக்டீரியாவுக்கும் 10 முதல் 15 நாள் இடைவெளி விட்டேன். யூரியாவை அள்ளிக்கொட்டாதீர்கள். அம்மோனியா வடிவத் தழைச்சத்து வாடலுக்கு ஊட்டம், நைட்ரேட் வடிவம் அந்த அளவு கெடுதல் செய்யாது. காப்பர், பிளீச்சிங், ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த மருந்து எதுவும் அந்த இடைவெளியில் வேரில் படக்கூடாது. ட்ரைக்கோடெர்மாவையும் சேர்த்துக் கொடுக்க ஆசைப்படுவார்கள். அது நன்மை செய்யும் பூஞ்சணம், சில சூடோமோனாஸ் வகைகள் அதையும் அடக்கும். இரண்டும் வேண்டுமென்றால் 15 நாள் தள்ளிக் கொடுக்கலாம். கார்பென்டசிம் பூஞ்சணக்கொல்லி என்பதால் பாக்டீரியாவை அவ்வளவாகத் தொடாது, ட்ரைக்கோடெர்மாவைக் கொல்லும்.

நூற்புழுவைக் கவனிக்காமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். வேரில் அது போடும் ஓட்டை வழியாகப் பூஞ்சணம் உள்ளே போய்விடும், வாசலில் காவல் நிற்கும் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லாமல் போகும். குழிக்கு 250 கிராம் வேப்பம்புண்ணாக்கு தனியாகப் போட்டு, இடையில் துலுக்கச்சாமந்தி வைத்தேன்.

இலைப்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. பிஜித் தீவின் சிகடோகா பள்ளத்தாக்கின் பெயரைக் கொண்ட அந்த நோயும் பூஞ்சணம்தான், ஆனால் இலையில் வாழ்வது. அங்கே பாக்டீரியாவை இலைக்குத் தெளிக்கவேண்டும். வெயிலில் காய்ந்துபோவதால் இலைக்குப் பேசில்லஸே ஏற்றது. லிட்டருக்கு 10 கிராம் பொடியைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, ஒட்டுத்திரவம் சேர்த்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்கவேண்டும். புள்ளி விழுந்து காய்ந்த இலைகளை முதலில் அறுத்து எடுக்காமல் தெளித்தால் பலன் சொற்பம்.

இரண்டாம் நடவில் வேண்டுமென்றே 2 வரிசையை, 50 மரத்தை, பாக்டீரியா இல்லாமல் விட்டிருந்தேன். சீவிய கன்று, சுண்ணாம்பு, புண்ணாக்கு எல்லாம் அவற்றுக்கும் உண்டு. அந்த 50ல் 11 மரம் வாடலில் போனது. மீதி 1050ல் சுமார் 60 போனது. ஒரே ஒரு வயல், ஒரே ஒரு பருவம். இதை ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொள்ளவேண்டாம். போன அறுபதில் பெரும்பாலானவை மழை பெய்து 4 நாள் தண்ணீர் தேங்கிய தாழ்ந்த மூலையில் நின்றவை. வேர் மூச்சுமுட்டி அழுகிய இடத்தில் எந்தப் பாக்டீரியாவும் தடுக்கவில்லை. அந்த மூலைக்கு வடிகால் வெட்டியிருந்தால் அரை நாள் வேலை.

தார் வெட்டியபிறகு மறுதாம்பு, அதாவது அதே கிழங்கின் பக்கக்கன்றிலிருந்து அடுத்த பயிர், விடலாமா என்று யோசித்தேன். அந்த மூலையையும் அதைச் சுற்றி 3 வரிசையையும் கிழங்கோடு எடுத்துவிட்டு, மற்ற இடத்தில் மட்டும் மரத்துக்கு ஒரு கன்று விட்டிருக்கிறேன். வெளியே யாருக்கும் கன்று கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம் காரணத்தைச் சொல்லியே மறுத்தேன். மறுதாம்புக்கும் அதே கணக்கில் எருவும் கரைசலும் போகின்றன. குச்சி நட்ட குழிகளைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.